மாவு கொட்டிய மரத்தடி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் மொசாம்பிக் வரை போனேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடந்தால், நீரோட்டம் உள்ள இடத்தில் அது நிமிர்ந்து நிற்கும். ஏன் என்று எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் என்னைக் கூட்டிப் போனார்கள்.

அந்த நாட்டின் வடக்கே சாத்தான்குளத்துத் தேரி போலச் செம்மண். நடுவில் ஒற்றை ஒற்றையாகப் பாறை மலைகள். வழியெல்லாம் கொல்லாமரம். மக்கள் முந்திரிக்கொட்டை பொறுக்கி விற்பார்கள், மரவள்ளி போடுவார்கள், கரிமூட்டையைச் சைக்கிளில் வைத்துப் பகல் முழுக்கத் தள்ளுவார்கள். நம் கடற்கரைக்கு வந்த அதே போர்த்துக்கீசியர்தான் அங்கேயும் போனார்கள். இங்கே ஜன்னல், அலமாரி என்று சில சொற்களை விட்டுப் போனார்கள். அங்கே நாட்டையே கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் போனபின் சொந்த மக்களுக்குள்ளேயே பல வருடம் சண்டை. கண்ணிவெடிகளை எடுத்த பிறகுதான் எங்கள் வண்டி உள்ளே போக முடிந்தது.

ஒரு கிராமத்தில் பெரிய மரத்தடியில் தேங்காய் நிமிர்ந்தது. மறுநாள் காலை போனால், அந்த மரத்தூரில் வெள்ளை மாவு குவிந்திருந்தது. துளை போடுமுன் நாம் எலுமிச்சை வெட்டிச் சூடம் கொளுத்துவோம். இவர்களும் பூசை போட்டுவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம். கும்பிட்டுவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டேன். தள்ளி நின்ற பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

நல்ல தண்ணீர். கைப்பம்பு மாட்டினோம். ஒருவரும் குடத்தோடு வரவில்லை. நான்காம் நாள் எங்கள் டிரைவர் விசாரித்து வந்து சொன்னான். சண்டையில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த இடம் அது. மாவு அவர்களுக்கு வைத்தது, பெண்கள் தரையில் உட்கார்ந்தது துக்கத்துக்கு. மூடிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். பணம் கொடுத்தவர்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பியாகிவிட்டது என்றார். நாங்கள் கிளம்பும்போதும் பெண்கள் ஆற்றுக்குத்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பிய பிறகு, சீவலப்பேரியில் ஆற்றில் முழுகும்போது சில நாள் கைப்பம்பு அடிக்கும் சத்தம் கேட்கிறது. அந்தப் பம்பை யாரும் அடித்து நான் கேட்டதே இல்லை.

போன கோடையில் சாத்தான்குளம் பக்கம் ஓர் அண்ணாச்சி கூப்பிட்டார். கிணறு வற்றி, அவருடைய முருங்கைத் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. வேறு பிழைப்பு இல்லை.

"ஏலே, ஆப்பிரிக்கா வரைக்கும் போயித் தண்ணி பார்த்துக் குடுத்திருக்க. நமக்குப் பார்க்க மாட்டியோ?"

கிழக்கு வேலியோரம் தேங்காய் நிமிர்ந்தது. குறி போடாமல் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"இங்கன யாரையும் பொதைச்சிருக்கா அண்ணாச்சி?"

"இதென்னலே சுடுகாடா? குறியப் போடு."

மறுபடியும் கேட்டேன்.

"முருங்க செத்தா என்னையப் பொதைக்கலாம். போடுலே!"

காப்பி கொண்டுவந்த மதினி தம்ளரைக் கீழே வைத்தார்.

"பிள்ள அங்கனல்லா கெடக்கா," என்றார். "பேரு வைக்கதுக்கு முன்னாடியே போயிட்டா. நீங்கதான துணியில சுத்தி எடுத்துட்டு வந்தீய."

அவர்களுக்கு அதன்பின் பிள்ளை இல்லை. அண்ணாச்சி மறந்திருந்தாரா, மறந்ததாக வைத்திருந்தாரா, தெரியாது. வேலிக்கு முதுகு காட்டித் திரும்பினார்.

"மேக்க பாருலே."

மேற்கே தேங்காய் லேசாகத்தான் அசைந்தது. அதைச் சொல்லியும் அங்கேயே துளை போட்டார். பாறைத்தூள்தான் வந்தது. ஆடிக்குள் முருங்கை முழுவதும் போய்விட்டது.

இப்போது அவர் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் காவல். போன வாரம் ஜங்ஷனில் பார்த்தேன். தலை குனிந்தேன்.

"சாப்பிட்டியாலே?" என்றார்.

மதினி எங்கே என்று கேட்டேன்.

"தோட்டத்துலதான் கெடக்கா. கூப்பிட்டுப் பார்த்துட்டேன். பிள்ளைய ஒத்தையில விட்டுட்டு வரமாட்டேங்கா."