அம்மா தள்ளிய சைக்கிள்

தினமும் என்னை நடக்கச் சொல்கிறார் இதய டாக்டர். "வழியில மயங்கி விழுந்தா என்ன செய்வீங்க?" என்று மகன் விடமாட்டேன் என்கிறான். இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவனுடைய பழைய சைக்கிளைத் துடைத்தபோது கை பட்டு மணி அடித்தது.

அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. ராஜபாளையம் மில்லின் பஞ்சுத் தூசி அவள் நுரையீரலைக் கெடுத்திருந்தது. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனாலும் அப்பாவின் சைக்கிள் ஹேண்டில்பாரில் சாய்ந்து, அதைத் தள்ளிக்கொண்டே சந்தைக்குப் போவாள். இரைத்தால் நிற்பாள், அடங்கியதும் நடப்பாள்.

"ஏட்டி, இப்படி இரைக்குதே, வீட்ல உக்காரு" என்று பக்கத்து வீட்டு அத்தை மறிப்பாள்.

"உக்காந்தாலும் இரைக்கத்தான் செய்யுது. நடந்துக்கிட்டே இரைக்கட்டும்" என்று அம்மா மணியை அடிப்பாள். அத்தை விலகுவாள்.

சைக்கிளை வாசலுக்குத் தள்ளினேன். "எங்கேம்மா போறீங்க?" என்று மகன் குறுக்கே வந்து நின்றான்.

மணியை அடித்தேன்.