சங்கு ஊதினால் எல்லோரும் உள்ளே

அன்றைக்கு எங்கள் நெட் சென்டரில் இருந்தவர்களை இப்போதும் வரிசை மாறாமல் சொல்வேன்: கல்லா மேசையில் என் அண்ணன் சேகர், சுவரோரக் கம்ப்யூட்டர்கள் இரண்டில், பொத்தேரியிலிருந்து பைக்கில் வந்திருந்த கல்லூரிப் பையன்கள் ஜீவாவும் பிரபுவும், அவர்களுக்கு முதுகு காட்டினாற்போல் இந்தப் பக்கம் நிஜாம், எங்கள் தெருமுனையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தவரின் மகன், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் நான், ரேவதி. அப்பா இன்னும் வரவில்லை. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. ஏசித் தண்ணீர் ஒரு பெயின்ட் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுச் சத்தத்தைக்கூட யாரோ மாடிப்படி ஏறி வருகிற சத்தம் என்று எண்ணி நான் திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயம் எனக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியாது. பரீட்சை என்றால் உள்ளங்கை வியர்த்துக் கேள்வித்தாள் நனைந்துவிடும்; பள்ளிக்கூடத்துப் பஸ் திருப்பத்தில் தெரிந்தவுடனே காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிடும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். பதினொன்றாம் வகுப்புப் பாதியில் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன், அல்லது என் வயிறு நிறுத்திவிட்டது. அதன் பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் மருந்துக் கடைக்கு மேலே அண்ணன் நடத்திய இந்தச் சென்டரில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். யார் எந்த நேரத்துக்கு உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்று பார்த்துக் காசு வாங்கிப் போடுவதுதான் வேலை. வியப்பு என்னவென்றால் அங்கே எனக்கு வயிறு புரட்டவில்லை. வரிசையாகத் திரைகள், அவற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதுகுகள், என்னை யாரும் கேள்வி கேட்காத ஓர் அறை. உலகத்தில் எனக்கு மூச்சு சீராக வந்த ஒரே இடம் அதுதான்.

அந்த இடமும் போய்விடும்போல் இருந்தது. அண்ணனுக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதத்திலிருந்து பகலெல்லாம் நான் ஒருத்தியே கடையைப் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா அதற்கு ஒப்பவில்லை. வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போன பிறகும் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிறவர் அவர். "கதவு தட்டினா நடுங்குறவ. இவ எப்படிடா தனியா ஒரு கடைய பாத்துப்பா?" என்று அண்ணனிடம் கேட்டார். விழுப்புரத்தில் இருந்த அத்தைக்கு மூட்டுவலி. துணைக்கு என்னை அங்கே அனுப்பிவிடலாம் என்பது அவர் யோசனை. அத்தை வீட்டுக் கொல்லைக் கதவு காற்றே இல்லாத ராத்திரிகளில்கூட ஆடும். அண்ணன் எவ்வளவோ சொன்ன பிறகுதான், "சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிஞ்சு நேரா கடைக்கு வரேன். அவ எப்படி இருக்கான்னு கண்ணால பாக்குறேன். அப்புறம் சொல்றேன்" என்று ஒத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் இது.

நான் கல்லா மேசையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்க வேண்டிய நாள். ஆனால் பொத்தேரிப் பையன்கள் இரண்டு பேர் இரண்டு பேராகத்தான் ஆடுவார்கள். நிஜாமோடு வழக்கமாகச் சேருகிறவன் ஊருக்குப் போயிருந்தான். ஆட்டம் இல்லையென்றால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், கடை காலியாகிவிடும், காலியான கடையைப் பார்த்தால் அப்பா என்ன சொல்வாரோ என்று அண்ணனுக்குக் கவலை. "நீ உக்காரு. அப்பா வர்ற வரைக்கும்தான்" என்று என்னை எழுப்பி அனுப்பினான்.

அது நாடு கட்டுகிற விளையாட்டு. பச்சை வெளியின் நடுவே ஒரு பெரிய கட்டடமும், வேலை செய்ய மூன்று ஆட்களும், ஊர் சுற்றிப் பார்க்க ஒரு குதிரைக்காரனும் கொடுப்பார்கள், சுற்றிலும் இருட்டு. அந்த இருட்டுக்குள் எங்கோ எதிரியும் இதேபோல் மூன்று ஆட்களோடு தொடங்கியிருப்பான். ஆட்களை விட்டுப் பழம் பறித்து, மரம் வெட்டி, தங்கமும் கல்லும் தோண்டி, அதைக்கொண்டு மேலும் ஆட்களை உண்டாக்கி, கிராமத்தை நகரமாக்கி, படை திரட்ட வேண்டும். எங்கள் கடையில் இவற்றுக்கெல்லாம் வேறு பெயர்கள். பெரிய கட்டடம் "ஆபீஸ்". பழச்செடி "களாக்கா". ஊர் சுற்றும் குதிரைக்காரன் "தபால்காரன்". அடுத்த யுகத்துக்கு முன்னேறுவது "பாஸ் ஆவது". அதற்கு இவ்வளவு உணவு, இவ்வளவு தங்கம் என்று கணக்கு உண்டு. ஆபத்து வந்தால் ஒரு பொத்தானை அழுத்தலாம். மணி அடிக்கும், வயலிலும் காட்டிலும் இருக்கிற எல்லா ஆட்களும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஆபீசுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். அதற்கு "சங்கு" என்று பெயர், கம்பெனிகளில் ஷிப்ட் மாறும்போது ஊதுகிறார்களே, அதை வைத்து.

ஆள் குறைந்த நாட்களில் முன்பும் சில தடவை நான் ஆட உட்கார்ந்ததுண்டு. புதிதாக ஆடுகிறவர்கள் செய்கிற தப்பு எல்லாவற்றையும் செய்தேன். ஆனால் தெரியாமல் செய்யவில்லை, பயந்து செய்தேன். தபால்காரனை இருட்டுக்குள் அனுப்ப மனம் வராது. ஆபீசைச் சுற்றியே அவனை உலவ விடுவேன். ஆட்களை உண்டாக்குவதற்கு முன்னால் மதில் கட்டுவேன். உணவைச் செலவழிக்காமல், நாளைக்கு என்ன வருமோ என்று குவித்து வைப்பேன். நிஜாம் தன் திரையைப் பார்த்துக்கொண்டே என்னைத் திட்டுவான். "ஆபீஸ் சும்மா கீது பாரு! ஆபீஸ் சும்மா இருக்கவே கூடாதும்மா, ஆள உண்டாக்கிகினே இரு." "வூடு கட்டாம ஆளு எங்க தங்குவான்? முன்னாடியே கட்டி வெய்யி." "எதுக்கு இவ்ளோ சோறு சேத்து வெச்சிகினு கீற, யாருக்குக் கல்யாணம்?" அவன் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் சேர்த்து வைக்காமல் எப்படி நிம்மதியாக இருப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது என் சங்கு. எங்கள் கடையில் யாருக்கும் இயர்போன் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர். யார் திரையில் எது நடந்தாலும் அறைக்கே கேட்கும். நான் பயந்து சங்கு ஊதினால் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எதிரிக்கும் அது கேட்கும். ஒரு காட்டுப்பன்றி உறுமினாலும் நான் ஊதிவிடுவேன் என்பதைப் பொத்தேரிப் பையன்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். சண்டைக்கென்று அவர்கள் என் பக்கம் வருவதே இல்லை. ஒரே ஒரு குதிரைக்காரனை என் தங்கச் சுரங்கத்துப் பக்கம் ஓடவிடுவார்கள். நான் ஊதுவேன். என் ஆட்கள் ஓடி ஒளிவார்கள், என் நாட்டில் வேலை நின்றுபோகும். "டேய், சங்கு ஊதியாச்சுடா, வா டீ அடிச்சிட்டு வரலாம்" என்பான் ஜீவா. பிரபு சிரிப்பான். எனக்குக் காதெல்லாம் எரியும்.

அன்று ஆட்டம் தொடங்கியதும் நிஜாம் என் பக்கம் சாய்ந்து, "ஒத்த குதிர வந்தா கண்டுக்காத. உன் ஆபீஸே அம்பு வுட்டுத் துரத்தும். அந்தப் பொத்தான் மேல மட்டும் கைய வெக்காத" என்று மெதுவாகச் சொன்னான். நான் வலது கையால் மௌசைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அப்படியாவது அது சும்மா இருக்கட்டும் என்று.

முதல் குதிரை வந்தது. ஊதவில்லை. ஆபீசிலிருந்து அம்பு போனது, குதிரை திரும்பியது. என் ஆட்களில் ஒருத்தன் செத்தான். மற்றவர்கள் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். "என்ன தங்கச்சி, சங்கு ரிப்பேரா?" என்றான் ஜீவா பின்னாலிருந்து. அவன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பயத்தோடு பயமாக எனக்குள் வேறு ஏதோ ஒன்றும் தலைதூக்கியது. அதற்குப் பெயர் தெரியாமல் அதையும் கண்டு பயந்தேன்.

அதற்குள் அவர்கள் இருவரின் படையும் சேர்ந்து நிஜாமின் மதிலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. அவன் நாட்டை உடைத்துவிட்டால் பிறகு என்னை முடிப்பது அவர்களுக்கு ஒரு வேலையே இல்லை. "நீ பாஸ் ஆயிட்டீன்னா குதிரப்படை இறக்கலாம். இறக்கி எனக்கு அனுப்பு. அதுவரைக்கும் நான் தாங்குறேன்" என்றான் நிஜாம். பாஸ் ஆக எனக்குத் தங்கம் போதவில்லை. அவனே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், தன் கையிருப்பிலிருந்து முந்நூறு தங்கத்தை எனக்கு அனுப்பினான். கூட்டாளிகள் அப்படி அனுப்பிக்கொள்ள விளையாட்டில் வழி உண்டு. "கடன்தான், சும்மா இல்ல" என்றான். நான் பாஸ் ஆனேன். பள்ளிக்கூடத்தில் ஆகாததை அங்கே ஆனேன். இன்னும் கொஞ்சம் தங்கம் தோண்டினால் குதிரைப்படை. என் ஆட்கள் எல்லோரும் சுரங்கத்தில் இருந்தார்கள். நிஜாமின் ஸ்பீக்கரில் கோட்டைக் கதவை இடிக்கிற சத்தம்.

அப்போதுதான் கதவு திறந்தது. அப்பா.

அண்ணன் எழுந்து நின்றான். என்னால் எழுந்திருக்கவும் முடியவில்லை, ஆட்டத்தை நிறுத்தவும் முடியவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று அவர் கத்தப்போகிறார், விழுப்புரம் முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். அப்பா கத்தவில்லை. சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு?"

"என் ஆளுங்கப்பா. தங்கம் தோண்டுறாங்க."

அந்த நேரத்தில் ஜீவாவின் ஒற்றைக் குதிரை மறுபடி மரங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது. எனக்கு அது வெறும் பூச்சாண்டி என்று தெரியும். ஆபீஸ் அம்பு விடும் என்று தெரியும். கையை இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன்.

"ஐயையோ, குதிரை வருதும்மா!" என்றார் அப்பா. "எல்லாரையும் உள்ள கூப்பிடு! ரேவதி, உள்ள கூப்பிடும்மா!"

அவர் கை என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. நாற்காலி நடுங்கியது. அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆறு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், மொட்டை மாடிக்குத் தனியாகப் போகக் கூடாது, தெருவில் நாய் குரைத்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று அவர் போட்ட சட்டங்களையெல்லாம் நான் கண்டிப்பு என்று நினைத்திருந்தேன். அந்தக் குரலில்தான் எல்லாம் பேசியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அந்தக் குரலுக்கு எதிராக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இடது கையை வெளியே எடுத்தேன். சங்கு ஊதினேன்.

அறை முழுக்க மணி. என் ஆட்கள் எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஆபீசுக்குள் நுழைந்தார்கள். "ஆங், ஊதிட்டாடா!" என்றான் ஜீவா. நிஜாம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கதவு உடைந்தது. படை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அவன் திரையில் எல்லாம் முடிந்தது. "போச்சு" என்றான், யாரிடமும் இல்லாமல். வெளியே தங்கம் கேட்பாரற்றுக் கிடக்க, என் ஆட்கள் ஒருத்தர்கூட வெளியே வராமல் ஆபீசுக்குள் இருந்தார்கள்.

அப்பா நெடுமூச்சு விட்டார். "ஒருத்தனும் சாகலையே?"

"இல்லப்பா."

அவருக்கு நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே எண்ணம். கல்லா மேசைக்குப் போய் அண்ணனிடம், "பரவாயில்லடா. இத்தனை பேரைப் பத்திரமாப் பாத்துக்குறா. கடையைப் பாத்துக்க மாட்டாளா? அவ இங்கயே இருக்கட்டும்" என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, "ஆனா கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா போட்டுக்கணும்" என்றார்.

அப்படித்தான் நான் விழுப்புரம் போகாமல் தப்பித்தேன். தென் சென்னையிலேயே தட்டினால்தான் திறக்கும் நெட் சென்டர் எங்களுடையது மட்டுமாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் எழுந்து போய்த் திறப்பேன். ஆளாளுக்குக் கையில் போன் வந்து, தட்டுகிறவர்கள் குறைந்து குறைந்து ஒருநாள் யாருமே தட்டாமல் போகிற வரைக்கும் திறந்தேன்.

அந்த மாடியில் இப்போது இன்வெர்ட்டர் பேட்டரிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பா இல்லை. என் மகன் அதேபோல் ஒரு விளையாட்டைக் காதில் ஹெட்போனோடு உள்ளறையில் ஆடுகிறான்; எதிரி எந்த ஊர், என்ன வயது என்று கேட்டால் "தெரியாதும்மா" என்கிறான். அறையில் ஒரு சத்தமும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஜீவாவின் சிரிப்பு கேட்டபோதாவது எதிரி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மகனின் அறை வாசலில் நின்றுகொண்டு, சாப்பிட வா என்று தேவையில்லாமல் கூப்பிடுகிறேன். தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன்.

நிஜாம் சேலையூரில் ஏசி சர்வீஸ் செய்கிறான். போன கோடையில் எங்கள் வீட்டு ஏசியைக் கழுவ வந்தவன், வேலை முடிந்து காசை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அது சரி, என் தங்கம் எங்கம்மா? வட்டிலாம் வேணாம், நாங்க வாங்க மாட்டோம். அசல மட்டும் குடு" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அனுப்புவதற்கு அந்தக் கடை இல்லை, அந்த வழி இல்லை. அவன் கதவு உடைந்த சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் அவனுக்குத் தர வேண்டியது முந்நூறு தங்கம்.