இடப்பக்க முடிச்சு

பொம்மைக்காரர் முன்பு ஆண்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவர். அக்குள் பிடிக்கிறது, காலர் கடிக்கிறது என்று சொல்லிச் சொல்லியே வாடிக்கையாளர்கள் அவரை வேறு தொழிலுக்கு விரட்டினார்கள். பொம்மைகள் பரவாயில்லை. முழங்கை உயரம், பஞ்சு உடம்பு. தைத்ததைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். கடற்கரைக்காரி, ஆற்றங்கரைக்காரி, மலைக்காரி என்று மூன்று பேருக்கும் அந்தந்தப் பக்கத்து உடையை நூல் பிசகாமல் உடுத்திவிடுவார். அந்த மூன்று இடங்களுக்கும் அவர் போனதில்லை. பஸ் ஏறினால் குமட்டும். அவருடைய சொந்தச் சட்டையில் மூன்றாவது பொத்தான் விழுந்து இரண்டு வருடமாகிறது.

ஒரு புதன்கிழமை, நகர அருங்காட்சியகத்து அதிகாரி அம்மாள் வீட்டுக்கே வந்தார்.

"மூணு பொம்மையையும் கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறோம் சார். கீழ உங்க பேரும் போடுவோம்."

மின்சார பில்லைத் தவிர வேறெங்கும் அச்சாகாத பெயர். பொம்மைக்காரருக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஓரங்குலம் உயர்ந்தது போலிருந்தது. அதற்குள் அந்த அம்மாள் மலைக்காரியைத் திருப்பிப் பார்த்தார்.

"கச்சை முடிச்சு வலது இடுப்புலதானே வரும்? இது இடதுல இருக்கே?"

போனில் படங்களைக் காட்டினார். பதினோரு பெண்கள், பதினோரு வலப்பக்க முடிச்சுகள்.

"திங்கக்கிழமைக்குள்ள சரியானது ஒண்ணு குடுங்க. மூணும் சரியா இருந்தாத்தான் வைக்க முடியும்."

அந்த அம்மாள் போன பிறகு பொம்மைக்காரர் குதித்தார். "இருபத்தெட்டு வருஷமா செய்யறேன்! மலைக்காரங்களே வாங்கிட்டுப் போறாங்க. ஒருத்தராவது வாயத் திறந்தாங்களா?"

"பொம்மையோட யாருங்க வழக்காடுவாங்க?" என்றாள் மனைவி. "ஆனா அந்த உடைய என்னைக் கட்டிக்கச் சொல்லிப் பாத்துத்தானே தச்சீங்க? அப்ப நம்ம ஆஸ்பத்திரியில இருந்த மலைக்கார நர்ஸம்மா சொல்லிக்குடுத்தபடி நான் சரியாத்தான் கட்டினேன்."

"அப்போ தப்பு என் மேலயா?"

பதிலுக்கு அவள் பெட்டியிலிருந்து அந்த உடையை எடுத்துக் கட்டினாள். இருபத்தெட்டு வருடத்தில் இடுப்பு துணியை ஜெயித்துவிட்டது. பின்னால் இரண்டு ஊக்கு. பிறகு அன்று நின்ற இடத்திலேயே, பீரோக் கண்ணாடியைப் பார்த்து நின்றாள். அவரும் அன்றுபோல அவளுக்குப் பின்னால் மெஷினில் உட்கார்ந்து நிமிர்ந்தார்.

"பாத்தியா! இடப்பக்கம்!"

அவள் திரும்பினாள். அறையின் குறுகலுக்கு முழங்கால் மெஷினில் இடித்தது. முடிச்சு வலது இடுப்பில் இருந்தது.

அவர் கண்ணாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணாடியப் பாத்தா தச்சீங்க? பொண்டாட்டி கைக்கெட்டற தூரத்துல நிக்கிறா, அவளப் பாக்க முடியலையா?"

"அன்னிக்கு நீ எங்க திரும்பின? தலை வாரிக்கிட்டே இல்ல நின்ன!"

முடிச்சை அவிழ்த்து மாற்றினால் தீராது. கொசுவம் முழுக்க முடிச்சை நோக்கியே மடிந்து ஓடும். இடுப்பிலிருந்து வேறு பொம்மைதான். மெஷினை நடைக்குத் தள்ளிவிட்டு, மனைவியை நேருக்கு நேர் நிறுத்திப் புதிதாகத் தொடங்கினார். அவர் கை கேட்கவில்லை. கொஞ்சம் அசந்தால் மடிப்பு பழைய பக்கமே சாய்ந்தது. இரண்டு துணி பாழ்.

"உங்க வலது இல்லைங்க, என் வலது," என்று அவள் நாற்பது தடவை சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாலை மலைக்காரி ஒருவழியாக வலப்பக்கம் திரும்பினாள். திங்கட்கிழமை பெட்டிக்குள் போனாள். பெயரும் அச்சானது.

திருந்திய கையோடு பொம்மைக்காரர், தன் பொம்மைகளை விற்கும் கடைக்கும் ஆறு வலப்பக்க மலைக்காரிகளை அனுப்பினார். கடைக்காரர் ஒரே வாரத்தில் ஆறையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்னண்ணே, டூப்ளிகேட் மாதிரி இருக்குங்கறாங்க. மலைக்காரம்மா ஒருத்தரே, 'வீட்ல இருக்கறதுக்கு ஜோடி வேணும், பழைய அசல் குடுங்க'ன்னு கேட்டுட்டுப் போறாங்க."

ஆக, சரியானது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அசல் கடையில் விற்கிறது. அசலைச் செய்ய அவர் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. எப்போதாவது வலப்பக்கம் கேட்டு ஆர்டர் வந்தால் மட்டும் மெஷினை நடைக்குத் தள்ளிவிட்டு மனைவியைக் கூப்பிடுகிறார். அவள் வருகிறாள், கையில் சீப்போடு.