அண்ணியின் அடுப்பும் நீங்கள் பதித்த குழாயும்

எங்கள் தெருவின் சாணி கேஸை அணைத்தது நீங்கள்தான். நாங்கள் இல்லை.

போன மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த சுற்றுச்சூழல் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். உங்களுக்கு வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்திலேயே திருவண்ணாமலையில் ஒரு தெருவுக்கே சாண எரிவாயு கொடுத்ததாகவும், மக்களின் மூடநம்பிக்கையால் அது வீணாகப் போனதாகவும் சொன்னீர்கள். கைதட்டினார்கள். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்க வாய் திறந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

கிரிவலப் பாதையை ஒட்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு எங்களுடையது. வீட்டுக்கு வீடு பசுவோ எருமையோ நின்றது. பால் டவுனுக்குப் போகும், சாணி வறட்டியாகும். வறட்டி போதாத வீட்டுக்கு மலைதான் விறகுக் கடை. எழுபதுகளில் அந்த மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையும் மஞ்சம்புல்லும்தான் இருந்தன. கோடை வந்தால் அந்தப் புல்லும் பற்றி எரியும். மிச்சமிருந்த புதரையும் வேரையும் நாங்கள் வெட்டி, தலையில் கட்டிக்கொண்டு இறங்கினோம். மலையை மொட்டையடித்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் பச்சை அரிசியைத் தின்ன முடியாது.

என் வீட்டில் அடுப்பு அண்ணியின் கையில் இருந்தது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். அவளுக்கு இழுப்பு. மூச்சு வாங்கும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவள் விடிந்ததும் ஈர விறகை அடுக்கி வைத்து ஊதாங்குழலில் ஊதுவாள். ஒரு ஊது, ஒரு இருமல். "நான் ஊதறேன், குடுங்க அண்ணி" என்று கேட்டால், "உன் சோத்துல உப்பும் இல்ல, உன் ஊதுல காத்தும் இல்ல, போமே" என்பாள்.

அப்போதுதான் சர்க்கார் ஜீப்பில், சாண எரிவாயுத் திட்டத்தோடு நீங்கள் வந்தீர்கள். நல்ல வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். தெருமுனைப் புறம்போக்கில் கிணறு மாதிரி ஒரு குழி வெட்டி, செங்கல் கட்டி, அதன்மேல் இரும்புத் தொட்டியைக் கவிழ்த்தீர்கள். எல்லா வீட்டுச் சாணியையும் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உள்ளே காற்று உண்டாகி அந்தத் தொட்டியைத் தூக்கும். அந்தக் காற்றுதான் குழாய் வழியாக வீட்டு அடுப்புக்கு வரும். இதையெல்லாம் நீங்கள் அழகாக விளக்கினீர்கள். அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

முதல் சிக்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. சாணி லட்சுமி. வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளில் சாணியை வெளியே கொடுக்க மாட்டோம். வெள்ளியன்று குழி பட்டினி கிடந்ததால் சனிக்கிழமை தொட்டி ஏறவில்லை. நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். "இந்தக் காலத்துலயுமாம்மா இப்படி?" என்றீர்கள். அண்ணிதான் வழி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை தரக் கூடாது, அவ்வளவுதான? வியாழக்கிழமை சாயங்காலமே ரெண்டு கூடை ஜாஸ்தி கொண்டாந்து குழிகிட்ட வெச்சிட்டா, வெள்ளிக்கிழமை அது எங்க ஊட்டுச் சாணி இல்ல. எடுத்துக் கரைச்சிக்க வேண்டியதுதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களிடம் சொல்லிவிட்டால் நாங்கள் வழி கண்டுபிடிக்கிறவர்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுப்பு நீலமாக எரிந்த அன்று அண்ணி அதன் எதிரில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். புகை இல்லை. ஊத வேண்டியதில்லை. ஊதாங்குழலைப் பரணில் தூக்கிப் போட்டாள். மழைக்காலம் வந்தது. வழக்கமாக அவளுக்கு இழுப்பு கூடும் காலம். அந்த வருஷம் தூங்கினாள். நாங்கள் மலைக்குப் போவதை நிறுத்தினோம். அடுத்த மழைக்கு எங்கள் தெருவுக்கு மேலே இருந்த சரிவில் புதர் தலை தூக்கியது. ஆசிரமம் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரனை நீங்கள் கூட்டி வந்து தொட்டியைக் காட்டினீர்கள். "நம்ம சாணிய போட்டோ புடிக்கவா கப்பல் ஏறி வந்தான்? அவங்க ஊர்ல மாடு ஒண்ணுமே போடாதா?" என்று அண்ணி கேட்டதும் தெருவே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

குழியிலிருந்து இன்னொரு பக்கம் கூழ் வழிந்து வரும். காற்று போன சாணி. நாற்றம் இருக்காது, ஈ மொய்க்காது, மாவு போல வழவழப்பாக இருக்கும். 'வெந்த சாணி' என்று பெயர் வைத்தோம். அது வயலுக்கு எரு என்று நீங்கள் சொன்னீர்கள். எங்களில் பாதிப் பேருக்கு வயல் ஏது? அதை எடுத்து நாங்கள் வீடு மெழுகினோம். வாசல் தெளித்தோம். சாமி மாடத்தின் கீழே மெழுகிக் கோலம் போட்டோம். பச்சைச் சாணியைவிட அது தரையில் நன்றாகப் பிடித்தது. இதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்துக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

ஒரு கார்த்திகைத் திருவிழாவுக்கு முன்னால், கிரிவலம் வரும் ஜனங்களுக்காகத் தெருமுனையில் வரிசையாகக் கக்கூஸ் கட்டினீர்கள். நல்ல காரியம் என்றோம். அதுவரை அந்தக் கூட்டம் எங்கள் வேலியோரம்தான் ஒதுங்கும். கழிவு எங்கே போகும் என்று என் கணவர் கேட்டார். "அதுக்குத் தனியா குழி இருக்குங்க" என்றீர்கள். அந்த வார்த்தைக்கு நானும் சாட்சி, பக்கத்தில்தான் நின்றேன்.

திருவிழா கொடியேறியது. தீபத்தன்று காலையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் வெந்த சாணியை வாரிவந்து வீடு முழுக்க மெழுகினாள். சாயங்காலம் மலைமேல் தீபம் தெரிந்ததும் மெழுகிய தரையில் அகல் வைத்தோம். கேஸ் அடுப்பில் சுட்ட அப்பத்தைப் படைத்தோம்.

மறுநாள் காலை குழி பொங்கி வழிந்தது. ஊரே வந்து போன தண்ணீர். கூழ் எடுக்கக் கூடையோடு போன அண்ணி, கூடையை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அதில் மிதந்தது மாட்டுடையது இல்லை. அதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

அந்தக் கக்கூஸைக் கட்டிய கொத்தனார் டவுன் பாய் ஒருவர். ஆள் அனுப்பி வரவழைத்தோம். பலகைக் கல்லைத் தூக்கிக் காட்டினார். கக்கூஸிலிருந்து நேராகக் கேஸ் குழிக்கு ஒரு குழாய்.

"சார் போடச் சொன்னாரு, போட்டேம்மா. உங்ககிட்ட சொல்லியாச்சுன்னாரு. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார். அவர் முகம் சுண்டிப்போனது. அவரை நான் நம்பினேன்.

அன்று எங்கள் தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை. பெண்கள் தரையைச் சுரண்டினார்கள். சாமி மாடத்தின் கீழே அண்ணியே உட்கார்ந்து, மண் தெரியும்வரை சுரண்டினாள். அழுதிருந்தாலும் தேவலை.

நீங்கள் வந்தீர்கள். மலத்திலிருந்து காற்று கூடுதலாகக் கிடைக்கும், உலகமெல்லாம் செய்கிறார்கள் என்றீர்கள். இருக்கலாம். அதைப் பற்றி யாரும் உங்களோடு சண்டை போடவில்லை. அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தக் கொழாய மட்டும் வெட்டிடுங்க சார். குழிய நாங்களே வாரிக் கழுவறோம். புதுசா சாணி ஊத்தறோம். எங்களுக்கு இந்த அடுப்பு வேணும்."

"அது முடியாதும்மா. கழிவறையோட சேர்த்துதான் திட்டம். மேலே எழுதிப் போட்டாச்சு."

"முன்னாடியே சொல்லியிருந்தா மெழுகறதுக்கு வேற சாணி எடுத்திருப்போமே. ஏன் சார் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

நீங்கள் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தீர்கள். ஜீப்பில் ஏறும்போது, "ஒரு வருஷம் போனா எல்லாம் மறந்துடுவீங்க" என்றீர்கள். நாங்களே வெட்டிவிடுவோம் என்று என் கணவர் சொன்னதற்கு, சர்க்கார் சொத்தில் கை வைத்தால் போலீசுக்குப் போகும் என்றீர்கள்.

ஒருவரும் சாணி ஊற்றவில்லை. தொட்டி இறங்கியது. அடுப்பில் நீலம் மஞ்சளாகி, ஒரு நாள் நின்றது. பரணிலிருந்து ஊதாங்குழலை அண்ணியே இறக்கினாள். தூசியைப் புடவையில் துடைத்துவிட்டு, "இவன் என்னை விட மாட்டேங்கறான்மே" என்று சிரிக்கப் பார்த்தாள். நாங்கள் மறுபடி மலை ஏறினோம். தலை தூக்கியிருந்த புதரை நாங்களே வெட்டினோம். வெட்டும்போது கை கூசியது. வேறு என்ன செய்ய?

அதற்குப் பிறகு எந்த மழைக்காலத்திலும் அவள் முழுசாகத் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பாள். எண்பதுகள் முடியும் முன், ஒரு மார்கழியில், அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. அந்தக் குழாயை வெட்டியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. ஆனால் நீல அடுப்பு எரிந்த அந்த மழைக்காலத்தில் அவள் தூங்கினாள். அதை நான் பார்த்தேன். இன்று என் வீட்டில் சிலிண்டர் இருக்கிறது, மொட்டை மாடியில் சூரிய ஒளித் தகடு இருக்கிறது. ஒவ்வொரு முறை அடுப்பைத் திருகும்போதும் அவள் இல்லையே என்று வயிறு எரிகிறது.

மலைக்கும் மனுஷிக்கும் நல்லதாக ஒரு வழி எங்கள் கைக்கு வந்தது. அது எங்கள் சாணி, எங்கள் உழைப்பு. உங்கள் பொய் ஒன்றால் போனது. அதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைத்து இத்தனை வருஷமாக மாலை வாங்குகிறீர்கள். மலக்கூழால் வீடு மெழுகாதவள் மூடநம்பிக்கைக்காரியா? உங்கள் வீட்டுப் பூஜை அறையை அதைக் கொண்டு மெழுகச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

தை மாதம் அதே கல்யாண மண்டபத்தில் நீங்கள் மறுபடி பேசப்போவதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருப் பெண்களில் மிச்சம் இருப்பவர்களோடு முன்வரிசைக்கு வருகிறேன். தனியாக வந்து சமாதானம் சொல்ல வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். மைக்கில், அத்தனை பேர் காதிலும் விழும்படி அண்ணிக்காக இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை? கேட்ட பிறகும் அந்தக் குழாயை ஏன் வெட்டவில்லை?