வடை வாசனை போன திசை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதக் கடைசியில் நடந்தது இது. நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் பக்கம் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த பிறகு வந்த மூன்றாவது கோடை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளை வேலி உண்டு. அந்தப் பக்கம் கீழக்கரையிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டுப் பெண் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. அந்தக் குறையே தெரியாமல் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் சிநேகமெல்லாம் அந்த வேலிக்கு மேலேதான். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி ஒரு தூக்குவாளியில் வேலி தாண்டி வரும். வெறும் வாளியைத் திருப்பித் தரக் கூடாது என்று நான் கேசரி கிண்டிப் போட்டு அனுப்புவேன். அது திரும்பி வரும்போது அதில் வேறு ஏதாவது இருக்கும். எந்தப் பாத்திரம் யாருடையது என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது.

அந்த வருடம் அவள் பக்கத்து ஊரான எடிசனில் யாரிடமோ வாங்கிய அவரை விதையில் பாதியை டிஷ்யூ பேப்பரில் மடித்து எனக்குக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஜன்னலோரத்தில் நாற்று வளர்த்து, குளிர் போனதும் தரையில் நட்டோம். நான் வீட்டுச் சுவரிலிருந்து வேலி வரைக்கும் நீளமாகப் பாத்தி கட்டி, கம்பு ஊன்றி, கயிறு கட்டி, தோரணம் மாதிரி ஜோடித்து வைத்திருந்தேன். அவரைப் பந்தல் போட்டு அடுத்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் பை பையாய்க் கொடுப்பதாக எனக்கு ஒரு கனவு. கொஞ்சம் பெருமையும்தான்.

என் கணவருக்குத் தோட்டம் என்றால் புல்வெளி மட்டும்தான். அதில் டான்டிலயன் என்கிற மஞ்சள் களைப் பூ ஒன்று தலை காட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. களையைக் கொன்று புல்லுக்கு உரமும் போடும் குருணை மருந்து ஒரு மூட்டை வாங்கி வந்து, ஒரு வாரம் மூன்று வெதர் ஆப்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "இலை ஈரமா இருக்கணும், அப்பதான் ஒட்டும். ரெண்டு நாளைக்கு மழை வரக்கூடாது, அடிச்சிட்டுப் போயிடும். வெயிலும் ஓவரா இருக்கக் கூடாது" என்று எனக்குப் பாடம் வேறு. எங்கள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்த ஜோசியர்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று கிண்டல் செய்தேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பனி உலர்வதற்குள் எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. வீட்டுக்குள் எண்ணெய் காய்ச்சினால் கோட்டு, கம்பளி எல்லாம் நாலு நாளைக்கு நாறும் என்று இங்கே நம்மவர்கள் பலரும் பொரிப்பதையெல்லாம் வெளியில் வைத்துக்கொள்வார்கள். நானும் வீட்டுக்குப் பின்னால் மரப்பலகைத் தளமான டெக்கில் கேஸ் அடுப்பைப் போட்டு மெதுவடை சுட்டுக்கொண்டிருந்தேன். காற்று அடித்தது. அடுப்பு அணைந்து அணைந்து போனதால் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைப்பாக வைத்தேன்.

அவள் வேலியருகே வந்து, "அக்கா, வடை வாசம் எங்க கிச்சனுக்குள்ள வந்து உக்காந்துருச்சு. நீங்க குடுக்கலைன்னாலும் நாங்களே கேட்டு வந்துருவோம்" என்று சிரித்தாள். ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய வடை அடுக்கிக் கொடுத்தேன். அவளுடைய கணவர் கொஞ்ச தூரத்தில், அவர்கள் வீட்டு நடைபாதைக் கல் இடுக்குகளில் முளைத்த களைக்குக் கைப்பம்பில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுத்த வாரம் என் கணவர் புல் வெட்டினார். வெட்டிய புல்லைப் பையில் கட்டித் தெருவோரம் வைக்கப் போனவரைத் தடுத்து வாங்கிக்கொண்டேன். அவரைப் பாத்தியில் மண் காயாமல் இருக்க மூடாக்குப் போட வேண்டும். புல் இருக்கும்போது கடையில் மரத்தூள் வாங்குவானேன்? சுவர்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு செடிக்கும் தாராளமாக அள்ளிப் பரப்பிக்கொண்டே வந்தேன். வேலியை ஒட்டிய கடைசிச் செடிக்கு வருவதற்குள் புல் தீர்ந்துவிட்டது.

ஜூன் நடுவில் அவரைத் துளிர்களெல்லாம் சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. இலைகள் கிண்ணம் மாதிரி குவிந்தன. தண்டு முறுக்கிக்கொண்டு தரையில் சாய்ந்தது. பூச்சி இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இணையத்தில் தேடினால், அச்சு அசலாக என் செடிகளைப் போலவே படங்கள். களைக்கொல்லி பட்டால் இப்படி ஆகும், காற்றடிக்கும் நாளில் தெளித்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் பறந்து போகும் என்று போட்டிருந்தது.

அவ்வளவுதான். கைப்பம்பு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அன்றைக்குக் காற்று அடித்ததும் நினைவுக்கு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அதே விதையில் முளைத்த அவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு தளதளவென்று ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் பக்கத்திலும் வேலியை ஒட்டிய ஒரு செடி நன்றாகத்தான் இருந்தது. மருந்து அந்தப் பக்கமிருந்து பறந்து வந்திருந்தால் முதலில் சாக வேண்டியது அதுதானே என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. எனக்குத் தோன்றவே இல்லை.

நேராக வேலிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. நான் போனை எடுத்தேன். எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்ப் பெண்களுக்கு நாற்று, விதை பரிமாறிக்கொள்ள ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. சுருண்ட செடிகளைப் படம் எடுத்துப் போட்டு, "காற்றடிக்கும் நாளில் களைக்கொல்லி அடிப்பவர்கள் அக்கம்பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவும்" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, எனக்கு ஒரு பக்கம்தான் வீடு, மறுபக்கம் மரங்கள்.

அழும் முகங்கள் வரிசையாக வந்தன. "யாரு, உங்க பக்கத்து வீடா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் ஒரு கும்பிடு மட்டும் போட்டேன். இன்னொருத்தி, "சில பேருக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது" என்று எழுதினாள். அந்த 'சில பேர்' என்ற வார்த்தை எனக்கு உறுத்தியது. எந்த அர்த்தத்தில் சொல்கிறாள் என்று புரியாத அளவுக்கு நான் பச்சைக் குழந்தை இல்லை. இருந்தும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். இதை எழுதும்போது அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசுகிறது. கொஞ்ச நேரத்தில், அதே குரூப்பில் இருந்த என் பக்கத்து வீட்டுப் பெண் வெளியேறினாள் என்று ஒரு வரி வந்தது.

மறுநாள் காலை என் எவர்சில்வர் தட்டு வாசற்படியில் இருந்தது. பளபளவென்று தேய்த்து, அதில் கொஞ்சம் பேரீச்சம்பழம் வைத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. "பாத்தீங்களா, குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது" என்று கணவரிடம் காட்டினேன்.

அந்தக் கோடை முழுவதும் அந்த வீட்டுக்காரர் பம்பைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய தலையணையைப் போட்டுக்கொண்டு, கத்தியால் கல் இடுக்கிலிருந்து களையை ஒவ்வொன்றாய் நோண்டி எடுத்துக்கொண்டிருப்பார். சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குத் திருப்தியாக இருந்தது.

செப்டம்பரில் பாத்தியைச் சுத்தம் செய்யப் போனேன். மற்ற செடிகளெல்லாம் குட்டையாய் நின்றுபோயிருக்க, வேலியோரத்து அவரை மட்டும் ஊதாப் பூவும் கொத்துக் கொத்தாய்க் காயுமாக நின்றது. பட்ட செடிகளைப் பிடுங்கப் பிடுங்க, ஒவ்வொன்றின் காலடியிலும் மக்கிய புல் கையோடு வந்தது. காய்த்து நிற்கும் செடிக்குக் கீழே வெறும் மண்.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் கராஜுக்குப் போய் மீதி மருந்து மூட்டையை எடுத்து வந்து பின்பக்கத்தைப் படித்தார். மருந்து போட்ட பிறகு வெட்டும் புல்லைக் காய்கறிச் செடிகளுக்குப் போடக் கூடாது என்று அதிலேயே இருந்தது. "எப்பப் போடணும்ங்கறத மட்டும்தான் நான் படிச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் போட்டது என் கைதானே?

அன்று மாலையே அவரைக்காயைப் பறித்து அதே எவர்சில்வர் தட்டில் போட்டுக்கொண்டு போனேன். வேலிக்குப் போகத் தைரியம் இல்லை. வாசல் பக்கம் சுற்றிப் போய் மணி அடித்தேன்.

"வாங்கக்கா" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ போட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"எங்க மருந்தால இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள். கணவரை அவள் மச்சான் என்றுதான் சொல்வாள். "மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி மச்சான் எங்கிட்ட கேட்டாங்க, அக்கா வெளியில வச்சு வடை சுடுறாங்களே, அந்தப் பக்கம் போயிருமோன்னு. அவங்க அடுப்புப் புகை பூரா நம்ம பக்கம்தான வருது, பயப்படாம அடிங்கன்னு நாந்தான் சொன்னேன்."

என் மூக்குக்கு முன்னால் நடந்தது அது. என் வடை வாசனை அவள் சமையலறைக்குப் போனது என்றால், காற்று என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு அடித்திருக்கிறது. காற்று அடித்ததை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் அடித்தது என்பதை வசதியாக மறந்திருக்கிறேன்.

"அப்பவே ஏம்மா எங்கிட்ட வந்து சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க எங்கிட்ட கேக்கலையேக்கா. குரூப்லதான போட்டீங்க." டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "வெறுந் தட்டாக் குடுக்க மனசு வரல. பழத்தைப் பாத்துட்டாவது வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அன்றைக்கே குரூப்பில் எழுதினேன், என் செடிகளைக் கெடுத்தது நானேதான், பக்கத்து வீட்டார் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. முதல் செய்திக்குத் திரண்ட கூட்டம் இதற்கு வரவில்லை. யாரோ ஒருத்தி கட்டைவிரல் காட்டினாள், அதற்கு அடியிலேயே யாரோ கத்தரி விதை வேண்டுமா என்று கேட்டார்கள், பேச்சு அங்கே போய்விட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். குரூப்பில் திரும்பச் சேர்க்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "வேணாம்க்கா, மெசேஜ் நெறைய வருது, பாக்க நேரம் இல்ல" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

அடுத்த ரம்ஜான் வந்தது. கஞ்சி வராது என்றுதான் நினைத்திருந்தேன். வந்தது. வேலிக்கு மேலே இல்லை, வாசல் மணி அடித்தது. கடையில் சாப்பாடு கட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றாள். அதே மணம், அதே சூடு. நான் உள்ளே பாத்திரம் எடுக்கப் போகத் திரும்பினேன்.

"டப்பாவத் திருப்பித் தர வேணாம்க்கா. தூக்கிப் போட்டுருங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்த டப்பாவை நான் தூக்கிப் போடவில்லை. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அதில் கேசரி போட்டு எடுத்துக்கொண்டு வேலி வரை இரண்டு முறை போயிருக்கிறேன். கூப்பிட வாய் வராமல் திரும்பிவிட்டேன். அன்றைக்கு அந்த வேலியருகே நின்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்தப் பாத்திரம் யாருடையது என்று தெரியாமலேயே நாங்கள் இன்றும் இருந்திருப்போம்.