முட்டை தின்னக் கூடாத நிழல்

காட்டுப்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெருக்குவதும் கழிப்பறை கழுவுவதும் தாட்சாயிணியின் வேலை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யாருடைய வேலையும் இல்லை. அதனால் அதுவும் அவள் தலையில்தான் விழுந்தது.

பூமி சூடாகிறது, மரம் நடுங்கள் என்று வருஷாவருஷம் யாராவது பெரிய மனிதர் வந்து கன்று நடுவார், போட்டோ எடுத்துக்கொள்வார், போய்விடுவார். மே மாத விடுமுறையில் கன்று காய்ந்து சருகாகும். அடுத்த வருஷம் அதே குழியில் வேறு கன்று. தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு வேம்பு. பிள்ளைகள் தட்டு கழுவும் தண்ணீரைத் தாட்சாயிணி அதற்குத் திருப்பிவிட்டிருந்தாள். விடுமுறையில் வீட்டிலிருந்து குடம் சுமந்தாள். அவள் இடுப்பு விட்டுப்போனது, மரம் நிமிர்ந்தது. மதியம் சோற்றுத் தட்டோடு உட்கார அந்த மைதானத்தில் வேறு நிழல் கிடையாது.

இந்த வருஷம் மைதானம் முழுக்க சிமெண்ட் கல் பதிக்க ஏற்பாடானது. மரம் இடைஞ்சல் என்று கான்ட்ராக்டர் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டான். தலைமையாசிரியை புஷ்பா எங்கெங்கோ பேசிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

தாட்சாயிணிக்கு ஒரு வழிதான் தெரிந்தது. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, அந்தச் சிவப்புக் குறியின் மேல் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தன் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். வெட்ட வந்த ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மரத்தடியை மட்டும் விட்டுவிட்டுக் கல் பதித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இவள் மரத்தைப் பிடிக்கப் போனாள், அது அம்மனாகிவிட்டது. ஆடி பிறந்ததும் தெருப் பெண்கள் பால் ஊற்ற வந்தார்கள். தெருவில் நாலு பேர் மதிக்கும் எத்திராஜ் கூழ் ஊற்றினார், கம்பி வேலியும் போட்டார். ஒரு மதியம் வந்தவர், வேலியை ஒட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தட்டில் சத்துணவு முட்டையைப் பார்த்துவிட்டார். டீச்சரிடம் போகவில்லை, தாட்சாயிணியைத்தான் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ஆத்தா எதிர்ல முட்டய துன்னுகினு கீதுங்க? நீதான பாத்துக்கணும். நாளைலேர்ந்து பசங்கள அந்தாண்ட குந்த வை."

ஆத்தா கட்டியிருப்பது என் பழைய சேலை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மரம் வெறும் மரமாகிவிடும். மிச்சக் கல்லோடு கான்ட்ராக்டர் திரும்பி வருவான். சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வெயில். இத்தனை வருஷம் தண்ணீர் சுமந்தது இதற்குத்தானா என்று அவளுக்கு அலுப்பில் அழுகையே வந்தது. "சரிண்ணா" என்றாள்.

மறுநாள் பிள்ளைகளைப் புதுக் கல்லுக்கு அனுப்பினாள். கல் கொதித்தது. குந்த முடியாமல் காலை மாற்றி மாற்றி நின்றபடி சாப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்பு பவித்ரா வேலிக்குள் சும்மா கிடந்த நிழலையே பார்த்தாள்.

"சாமிக்கு எதுக்கு ஆயா நெழலு?"

தாட்சாயிணி பவித்ராவுக்கும் வெயிலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். உச்சி வெயிலில் ஒரு பொம்பளையின் நிழல் எவ்வளவு இருந்துவிடும்? சோற்றுத் தட்டு மட்டும் அதில் அடங்கியது.