குழந்தையைத் தூக்கி வருபவர்கள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் ‘என்ஜிஓ’ என்று சொல்லி முடித்துவிடுவேன். நான் இருக்கும் கலிபோர்னியாவின் சான் ரமோனில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஐடி இல்லை என்று தெரிந்ததும் ஒரு பரிதாபப் பார்வை, பிறகு பேச்சு பிள்ளைகளின் மேத் கிளாஸுக்குப் போய்விடும். எனக்கும் அது வசதிதான். முழுதாகச் சொல்ல ஆரம்பித்தால் தட்டில் சாப்பாடு ஆறிவிடும். ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கும் இடங்களுக்குள் குழந்தைகளுக்கான மருந்தையும் தடுப்பூசியையும் விடும்படி அந்தக் குழுக்களின் ஆட்களிடமே கேட்பதுதான் என் வேலை. பெரும்பாலும் போனில், அதுவும் காரில் உட்கார்ந்து. வீட்டில் எந்த அறையின் கதவைச் சாத்தினாலும் ஐந்து நிமிடத்தில் யாராவது வந்து தட்டுவார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவரிடம் பேசுவது என்றால் ஏதோ வீரதீரச் செயல் என்று நினைக்கிறார்கள். முக்கால்வாசி நேரம் காத்திருப்பதுதான். கொஞ்சம் கெஞ்சல், நிறைய டீ. டீயை அந்தப் பக்கத்தில் அவர்கள் குடிப்பார்கள். உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்கும். இதில் இரண்டு விதிகள் உண்டு. பொய் சொல்லக் கூடாது, ஒத்துக்கொண்டதை மீறக் கூடாது. இவை போனால் கையில் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

நான் சொல்ல வந்த மலைப்பகுதி எந்த நாட்டில் இருக்கிறது என்று எழுதப் போவதில்லை. அங்கே தட்டம்மை பரவியிருந்தது. அரசு ஊழியர்கள் உள்ளே போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்ததால் அங்கே யாருமே தடுப்பூசி பார்த்ததில்லை. அடிவாரத்து ஊரில் தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டிகளோடு எங்கள் குழு காத்திருந்தது. மேலே போகும் ஒரே பாதை ஆயுதக் குழுவின் தளபதி ஒருவரின் கையில். அவர் மொழி எனக்குத் தெரியாது. நான் ஆங்கிலத்தில் சொல்வதை, அதே லைனில் இருக்கும் எங்கள் உள்ளூர் சகா அவருக்கு மொழிபெயர்ப்பார். அடிவாரத்தில் குடியிருந்த நிதானமான மனிதர். திட்டையும் வாழ்த்தையும் ஒரே குரலில்தான் மொழிபெயர்ப்பார்.

வாரக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, குழந்தைகளுக்கு மட்டும் போடலாம் என்று தளபதி இறங்கிவந்தார். பதினைந்து வயது வரை என்று சொன்னேன். பையன்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, எந்த வயதானாலும் போடுங்கள் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நாளைக்கு அவருக்காகத் துப்பாக்கி தூக்க வேண்டியவர்கள். பெண்கள் விஷயத்தில்தான் நின்றார். வயதுக்கு வந்துவிட்டால் அவள் குழந்தை இல்லை, வெளியாட்கள் அவளைத் தொட முடியாது என்றார். எங்கள் குழுவில் ஊசி போடப் பெண்களே வருகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பிரச்சினை ஊசி போடுகிறவர்களைப் பற்றியது இல்லை, ஊசிக்கு யாரைக் கூப்பிடுகிறோம் என்பதைப் பற்றியது என்றார். குழந்தைகள் என்று சொல்லி உள்ளே வந்து பெண்களைக் கூப்பிட்டால் ஊர்ப் பெரியவர்கள் தன்னைக் கேள்வி கேட்பார்கள் என்பது அவருடைய வாதம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் அம்மை கண்ட தம்பி தங்கைகளை மடியில் போட்டுக்கொண்டு ராப்பகலாகப் பார்ப்பவர்கள் இந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்கள்தான். நோய் அடுத்து ஒட்டுவது அவர்களுக்குத்தான். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு வருவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஆத்திரத்தைக் காட்ட எனக்கு அனுமதி கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி பேசுவோம் என்றேன்.

இதற்கிடையே எங்கள் பக்கத்து ஊரான டப்ளினில் என் தோழி தன் மகளுக்கு ஹாஃப் ஸாரி ஃபங்ஷன் வைத்தாள். சடங்கு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதால் இங்கே அதற்கு இந்தப் பெயர். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. எதற்கடி இதெல்லாம், அதுவும் இந்த ஊரில், என்று நான் முன்பே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். நம்ம பொண்ணு, நம்ம சந்தோஷம், பிடிக்கலன்னா வந்து சாப்பிட்டுட்டுப் போ என்றாள். போனேன். வாடகை ஹாலில் மேடை, மேடையில் சிம்மாசனம் மாதிரி நாற்காலி, டாலஸிலிருந்து சீர்த்தட்டுகளோடு வந்திறங்கிய தாய்மாமன், ஸ்பீக்கரில் நாதஸ்வரம். அந்தப் பெண் தலைநிறையப் பூவோடு கழுத்தை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளித் தோழிகள் மேடையைச் சுற்றி நின்று வீடியோ எடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தளபதிக்கு மேட்டில் ஓரிடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அவர் கூப்பிடும்போது எடுக்காவிட்டால் அடுத்து எப்போது என்று சொல்ல முடியாது. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடினேன். காரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது தோழி தேடிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

“ஏன்டி, இங்க வந்து உக்காந்திருக்க? ஆரத்திக்கு உனக்காகத்தான் எல்லாரும் வெயிட் பண்றாங்க.”

நான் கையைக் காட்டி அவளை அனுப்புவதற்குள் அவளுக்குப் பின்னால் ஹால் வாசலிலிருந்து வந்த நாதஸ்வரம் மலை வரைக்கும் போய்விட்டது. என்ன இசை, கல்யாணமா என்று தளபதி கேட்டார். ஆமாம் என்றிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் பொய் கூடாது. பதில் சொல்லாமல் தட்டிக்கழித்திருக்கலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. அன்றைக்கு ஏனோ சொல்லிவிட்டேன். ஒரு பெண் வயதுக்கு வந்திருக்கிறாள், ஊரைக் கூப்பிட்டு அதைக் கொண்டாடுகிறோம் என்று. சகா வழக்கமான குரலில் மொழிபெயர்த்தார்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இத்தனை வாரத்தில் அந்த மனிதர் சிரித்து நான் கேட்டதே இல்லை. எத்தனை வயது என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். அப்படியானால் உங்கள் ஆட்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, என்றார். இசையெல்லாம் வைத்து இவள் இனிக் குழந்தை இல்லை என்று ஊருக்கே சொல்கிறீர்கள், எனக்கு மட்டும் போனில் பாடம் நடத்துகிறீர்கள்.

வசமாக மாட்டிக்கொண்டேன். குழந்தை என்பதன் வரையறை, சர்வதேச உடன்படிக்கை என்று என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொற்களைத் தள்ளிவைத்தேன். கண்ணாடி வழியே ஹாலைப் பார்த்தேன். பிறகு தோன்றியதைச் சொன்னேன். நாங்கள் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் அம்மா அவளைக் குழந்தை டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போவாள். ஊர் என்ன சொன்னது என்பது காய்ச்சலுக்குத் தெரியாது.

அடுத்து அவர் பேசிய தொனி மாறியிருந்தது. இந்தப் பெண்களைக் குழந்தைகள் என்று என் வாயால் சொல்ல முடியாது, சொன்னால் வேறு பலதையும் திரும்ப எடுத்துப் பேச வேண்டிவரும் என்றார். அந்த வேறு பலது எது என்று நான் கேட்கவில்லை. அவர் இறங்கிவரும்போது ஏணியை ஆட்டக் கூடாது.

நீங்கள் ஒன்றுமே சொல்ல வேண்டாம், நாங்களும் சொல்ல மாட்டோம் என்றேன். சின்னக் குழந்தைகளை எப்படியும் யாராவது தூக்கிக்கொண்டுதானே வர வேண்டும். அப்படித் தூக்கி வருபவர்களுக்கும் நோய் ஒட்டாமலிருக்க ஊசி போடுவோம். திரைக்குப் பின்னால், பெண்களே போடுவார்கள். வயது கேட்க மாட்டோம், குழந்தைகள் கணக்கில் சேர்க்க மாட்டோம். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

உள்ளே போய் ஆரத்தி எடுத்தேன். குனிந்து பொட்டு வைக்கும்போது அந்தப் பெண் என் காதருகே, “ஆன்ட்டி, கேன் ஐ டேக் திஸ் ஆஃப் நௌ?” என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம்டா என்றேன். தோழி என்னோடு அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டொரு நாளில் தளபதி சரி என்று சொல்லி அனுப்பினார். அதன்பின் எங்கள் ஆபீஸில்தான் ரகளை. தூக்கி வருபவர்கள் என்று எழுதினால், வயதுக்கு வந்தவள் குழந்தை இல்லை என்ற அவர்கள் வாதத்தை நாமே ஏற்றுக்கொண்டதாகாதா என்று வீடியோ மீட்டிங்கில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, முதலில் பெண்களைக் காப்பாற்றுவோம், வரையறையைப் பிறகு காப்பாற்றிக்கொள்ளலாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

குழு மேலே போயிற்று. சகா கூப்பிட்டபோது நான் இந்தியக் கடையின் பார்க்கிங்கில் இருந்தேன். வேலை நன்றாக நடந்தது என்றார். எதிர்பார்த்ததைவிடப் பெரிய பெண்கள் அதிகமாக வந்திருக்கிறார்கள். தூக்கி வரக் குழந்தை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொண்டு வந்தார்களாம். கன்னத்தில் மச்சத்தோடு ஒரு குண்டுக் குழந்தை வெவ்வேறு இடுப்பில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நர்ஸ் அதற்கு வணக்கம் வைத்தாளாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு சொன்னார். இந்தத் தடுப்பூசியைக் கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் போடக் கூடாது. அதனால் பெரிய பெண்களிடம் நர்ஸ் மெதுவாகக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். பதின்மூன்று வயது இருக்கும் ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்டிருக்கிறாள். இப்போது இல்லை என்றாளாம் அந்தப் பெண். இடுப்பில் இருந்தது தம்பியா என்று கேட்டதற்கு, மகன் என்றாளாம். அவள் ஒருத்தி மட்டும் இல்லை, இன்னும் சிலர் அப்படித்தான் வந்திருந்தார்கள். சகா இதையும் அதே குரலில்தான் சொன்னார்.

இந்த வயதிலேயே முடிக்கும் கல்யாணங்களைத்தான் தளபதி திரும்ப எடுத்துப் பேச முடியாது என்றார் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. தூக்கி வருபவர்கள் என்று நான் கண்டுபிடித்த சொல் அவருக்கு ஏன் அத்தனை பொருத்தமாக இருந்தது என்பதும்.

ஊசி போட்ட குழந்தைகளைக் கணக்கு வைக்க அவர்களின் இடது சுண்டு விரலில் மை வைப்பது வழக்கம். மகனின் விரலில் வைத்ததும் அந்தப் பெண் தன் சுண்டு விரலையும் நீட்டியிருக்கிறாள். மை குழந்தைகளுக்கு மட்டும் என்பது ஒப்பந்தம். நர்ஸ் என்ன செய்தாள் என்று கேட்டேன்.

“வைத்துவிட்டாள்,” என்றார். முதன்முறையாக அவர் குரல் பிசகியது.

ஒத்துக்கொண்டதை மீறியதற்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அந்த விரலைத் தளபதியின் ஆட்கள் யாராவது பார்த்தால் அடுத்த முறை பாதை திறக்காது. எனக்கு அழுகைதான் வந்தது. அந்த மை அழிய எத்தனை நாளாகும் என்று மட்டும் அவரிடம் கேட்டேன்.